69 வருடங்கள் காணாமல்போன பனித்தீவு... கண்டுபிடித்த கேப்டன் சென்னைக்கும் வந்தார்!

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் திரும்பினால் எங்கள் ஊர் திருவேற்காடு. தேவி கருமாரியம்மன் கோயில் என்று கேட்டால், சென்னையில் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். ஆனால், கூவம் ஆற்றை ஒட்டி இருக்கும் எங்கள் தெருவுக்கு வழி கேட்டால், உள்ளூர்க்காரர்களே ஒரு நிமிடம் யோசிப்பார்கள். காரணம், தெருவின் பெயர். அதே பெயரில் ஆற்றுக்கு அக்கரையிலும் ஒரு தெரு இருக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழைக்காலத்தில் ஓர் இரவு. தாத்தாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸுக்கு போன் செய்தோம். வண்டி உடனே கிளம்பிவிட்டது. டிரைவர் போனில் மேப்பைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். மேப் எங்கள் தெருவை அக்கரையில் காட்டியிருக்கிறது. நடுவில் தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. சைரன் சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் விளக்கு சுழல்வதுகூட மொட்டைமாடியிலிருந்து தெரிந்தது. வண்டி மட்டும் வரவில்லை. சுற்றிக்கொண்டு வந்து சேர 40 நிமிடங்கள் கூடுதலாக ஆகிவிட்டன.

தாத்தா பிழைத்துக்கொண்டார். ஆனால், தாமதமானதால் இதயம் பலவீனமாகிவிட்டது என்றார் டாக்டர். தினமும் விடியற்காலையில் கோயிலுக்கு நடந்து போய் வந்த மனிதர், இப்போது வாசல் திண்ணையோடு சரி.

அடுத்த வாரமே மேப்பில் எங்கள் தெருவைத் திருத்தச் சொல்லி அனுப்பினேன். 'நீங்கள் சொன்ன மாற்றத்தைச் சரிபார்க்க முடியவில்லை' என்று பதில் வந்தது. போட்டோ எடுத்து மறுபடி அனுப்பினேன். மறுபடியும் அதே பதில். நான் பிறந்து வளர்ந்த தெரு, அது இருக்கும் இடத்தில் இல்லை என்று என் கையில் இருக்கும் போனே சொல்கிறது!

அந்த எரிச்சலோடு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான், 'உலகின் மிகத் தனிமையான தீவு' பற்றி ஒரு சின்ன கட்டுரைக்காகத் தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்தவர், என்னைப்போலவே மாட்டிக்கொண்ட ஒரு ஃபிரெஞ்சு கேப்டன். தான் பார்த்த தீவை அவர் சொன்னார். உலகம் தேடிப் பார்த்தது; சொன்ன இடத்தில் தீவு இல்லை. இதில் நான் எதிர்பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. அதே கேப்டன் நம் சென்னைக் கடற்கரைக்கும் வந்திருக்கிறார்!

எங்கே இருக்கிறது இந்தத் தீவு?

தீவின் பெயர் புவே. எழுத்தைப் பார்த்தால் 'பூவெட்' என்று படிக்கத் தோன்றும். ஃபிரெஞ்சு உச்சரிப்பில் கடைசி எழுத்து மறைந்துவிடும்.

உலக உருண்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவின் தென்முனைக்குக் கீழே, தென்மேற்காக விரலை நகர்த்துங்கள். நீலம்... நீலம்... வெறும் நீலம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து சுமார் 2,500 கிலோமீட்டர் தாண்டியபிறகு, ஒரு பேனா முனை அளவுக்குப் புள்ளி தெரிந்தால் அதுதான் புவே. தெற்கே அண்டார்டிகா கரைக்குப் போகவேண்டுமானால் இன்னும் 1,700 கிலோமீட்டர். இந்தத் தூரம் கிட்டத்தட்ட சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் போகிற அளவு. நடுவில் நிலம் எதுவும் கிடையாது.

அந்த அண்டார்டிகா கரைப் பகுதிக்கு ராணி மாட் நிலம் என்று பெயர். 1989 முதல் இந்தியாவின் 'மைத்ரி' ஆய்வு நிலையம் இயங்குவது இந்தப் பகுதியில்தான். அந்த வகையில் புவே நமக்கு ஒருவகைப் பக்கத்து வீடு. என்ன, பக்கத்து வீட்டுக்குப் போக ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் கப்பலில் போகவேண்டும்!

தீவின் பரப்பளவு 49 சதுர கிலோமீட்டர். பெருநகர சென்னை மாநகராட்சியில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. அதிலும் 93 சதவிகிதம் பனிப்பாறை மூடிக் கிடக்கிறது. உண்மையில் இது ஓர் எரிமலை. கடலடியில் தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா ஆகிய மூன்று நிலத்தட்டுகள் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எழும்பி நிற்கிறது. நடுவில் சுமார் மூன்றரை கிலோமீட்டர் அகல எரிமலை வாய். அதுவும் பனியால் நிரம்பியிருக்கிறது. உயரமான சிகரம் 780 மீட்டர். நம் பரங்கிமலையைப்போல எட்டு மடங்குக்கு மேல்!

அண்டார்டிக் வட்டத்துக்கு இந்தத் தீவு வெளியேதான் இருக்கிறது. தெற்கு அட்சரேகை 54 டிகிரி. வடக்கே அதே 54 டிகிரியில் இங்கிலாந்தில் மக்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள். ஆனால், அண்டார்டிகாவைச் சுற்றி ஓடும் குளிர்ந்த நீரோட்டத்தின் நடுவில் இருப்பதால், புவேயின் சராசரி வெப்பநிலையே பூஜ்ஜியத்துக்குக் கீழே. பெரும்பாலான நாட்கள் மூடுபனி. கரை முழுக்கச் செங்குத்தான பாறையும், கடலில் வந்து முடியும் பனிச்சுவரும். படகை நிறுத்தும் துறை ஒன்றுகூடக் கிடையாது. மனிதர்கள் நிரந்தரமாக வசித்ததே இல்லை.

திருவேற்காட்டிலிருந்து இந்தத் தீவு எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நேர்க்கோட்டில் சுமார் 10,300 கிலோமீட்டர்.

இந்தியாவுக்கு வரும் வழியில் ஒரு சத்திரம்!

கேப்டனின் முழுப்பெயர் ழான் பாப்டிஸ்ட் சார்லஸ் புவே த லோசியே. 1705ல் பிறந்தவர். ஃபிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாலுமி. ஆம், புதுச்சேரியை ஆண்ட அதே கம்பெனிதான்.

அப்போது ஐரோப்பாவிலிருந்து புதுச்சேரிக்கு வரும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வரவேண்டும். மாதக்கணக்கில் பயணம். வழியில் தண்ணீரும் காய்கறியும் கிடைக்காமல் மாலுமிகள் ஸ்கர்வி நோயில் செத்துப்போவார்கள். கேப் டவுனில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால், அது டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. 'தெற்கே நமக்கென்று ஒரு நிலம் கிடைத்தால், இந்தியாவுக்குப் போகிற கப்பல்கள் தங்கிப்போகலாமே' என்பது புவேயின் யோசனை. நெடுஞ்சாலையில் ஒரு சத்திரம் கட்டுவதுபோல!

அப்படி ஒரு நிலம் இருப்பதாக நம்பவும் காரணம் இருந்தது. 1500களின் தொடக்கத்தில் கோன்வில் என்ற ஃபிரெஞ்சு மாலுமி, புயலில் வழிதவறி தெற்கே ஒரு செழிப்பான நாட்டைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தார். அந்தக் கதையை நம்பி, கம்பெனியிடம் இரண்டு கப்பல்களை வாங்கிக்கொண்டு, 1738 ஜூலையில் ஃபிரான்ஸின் லோரியாங் துறைமுகத்திலிருந்து கிளம்பினார் புவே. ஒரு கப்பலின் பெயர் ஏகில், அதாவது கழுகு. இன்னொன்று மரீ.

தெற்கே போகப் போக செழிப்பான நாடு வரவில்லை. மூடுபனியும் மிதக்கும் பனிமலைகளும்தான் வந்தன. 1739 ஜனவரி 1, புத்தாண்டு நாள். பனிமூட்டம் கொஞ்சம் விலகியபோது, எதிரே பனி போர்த்திய செங்குத்தான ஒரு நிலமுனை தெரிந்தது. குழந்தை இயேசுவுக்கு எட்டாம் நாளில் நடந்த விருத்தசேதனச் சடங்கைக் கிறிஸ்தவர்கள் நினைவுகூரும் திருநாள் அது. அதனால் 'விருத்தசேதன முனை' என்று பெயர் வைத்தார்.

முனை என்று பெயர் வைத்ததைக் கவனியுங்கள். தான் பார்ப்பது ஒரு பெரிய கண்டத்தின் மூலை என்றுதான் அவர் நினைத்தார். சுற்றிப் பார்த்து உறுதிசெய்ய பனியும் மூடுபனியும் விடவில்லை. பல நாட்கள் அங்கேயே சுற்றியும் ஒரு படகைக்கூடக் கரைக்கு அனுப்ப முடியவில்லை. மாலுமிகளுக்கு நோய். கடைசியில் திரும்பிவிட்டார். கம்பெனிக்குச் சத்திரம் கிடைக்கவில்லை. கிடைத்தது, வரைபடத்தில் ஒரு பெயரும் இரண்டு எண்களும் மட்டும்.

அதே கேப்டன், நம் கடற்கரையில்

ஒன்பது வருடங்கள் கழித்து புவேயின் பெயர் மறுபடி வரலாற்றில் வருகிறது. இந்த முறை இடம் சென்னை!

1746 செப்டம்பரில் ஃபிரெஞ்சுப் படை புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தது. சென்னை ஃபிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. ஆங்கிலேயர்கள் கடலூர் பக்கத்தில் தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டையில் ஒதுங்கினார்கள். புதுச்சேரி கவர்னர் டூப்ளேவுக்கு ஊர் இருந்தது, காசு இல்லை. ஃபிரான்ஸிலிருந்து பணம் வரவேண்டும். நடுவே கடலூர் கடலில் அட்மிரல் கிரிஃபின் தலைமையில் ஆங்கிலேயக் கப்பல்கள் காவல் நின்றன.

1748 ஜூனில் வெள்ளியையும் வீரர்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு ஃபிரெஞ்சுக் கப்பல் அணி வந்தது. அதன் தலைவர் புவே. பகலில் கடலூர் பக்கம் தலையைக் காட்டினார். கிரிஃபின் சண்டைக்குத் தயாரானார். இருட்டியதும் புவே சத்தமில்லாமல் வடக்கே நழுவி, நேராகச் சென்னைக்கு வந்துவிட்டார். பணத்தையும் வீரர்களையும் இறக்கினார். ஆங்கிலேயர்கள் தேடி வருவதற்குள் கிளம்பிப் போயும்விட்டார்!

இதைப் படித்தபிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, நேப்பியர் பாலம் பக்கம் இறங்கினேன். எங்கள் வீட்டுப் பின்னால் ஓடும் அதே கூவம், இங்கேதான் கடலில் சேர்கிறது. கொஞ்சம் வடக்கே தீவுத்திடல், அதைத் தாண்டிக் கோட்டை, அதற்கப்புறம் துறைமுகச் சுவர்.

1748ல் இந்தத் துறைமுகம் இல்லை. அது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. அதற்கப்புறம்தான் மணல் சேர்ந்து மெரினா இவ்வளவு அகலமானது. அப்போது கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே அலை அடித்தது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளோ சரக்கோ, எதுவானாலும் மசூலாப் படகில்தான் கரைக்கு வரவேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. பெரிய அலை மோதினாலும் உடையாமல் வளைந்துகொடுக்கும். அதை ஓட்டத் தெரிந்தவர்கள் நம் கடற்கரை மீனவர்கள் மட்டும்தான்.

மணலில் நின்றுகொண்டு யோசித்துப் பார்த்தேன். பனித்தீவில் ஒரு படகைக்கூடக் கரையேற்ற முடியாமல் திரும்பிய கேப்டன் அவர். இங்கே அவருடைய வெள்ளி நாணயங்களை அலை தாண்டிக் கொண்டுவந்து சேர்க்க நம் ஊர்ப் படகுக்காரர்கள் இருந்தார்கள். ஒரு கரையை அடைவதற்குக் கப்பல் மட்டும் போதாது. அந்தக் கரையைத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்த மழை இரவில் ஆம்புலன்ஸ் டிரைவர் பக்கத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தால், வண்டி பத்து நிமிடத்தில் வந்திருக்கும்.

கேப்டன் குக் தேடினார்... கிடைக்கவில்லை!

புவே சொன்ன நிலத்தைத் தேடி அடுத்துப் போனவர் சாதாரண ஆள் இல்லை. ஜேம்ஸ் குக்! 1772ல் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, கேப் டவுன் வழியாகத் தெற்கே போனார். புவே குறித்த இடத்துக்கு அருகே தேடினார். நிலம் இல்லை. பயணம் முடிந்து திரும்பும்போது, 1775ல் மறுபடி அந்தப் பக்கம் வந்து தேடினார். அப்போதும் இல்லை. 'புவே பார்த்தது பனிமலையாகத்தான் இருக்கும்' என்று முடிவுகட்டிவிட்டார். குக் சொன்னால் அதற்கு மேல் பேச்சு ஏது?

தவறு எங்கே நடந்தது? புவே கொடுத்த இரண்டு எண்களில் ஒன்று கிட்டத்தட்ட சரி. இன்னொன்று தப்பு.

அட்சரேகை, அதாவது வடக்கு-தெற்குக் கணக்கு, சுலபம். நடுப்பகல் சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தால் போதும். தீர்க்கரேகை, அதாவது கிழக்கு-மேற்குக் கணக்குதான் கஷ்டம். பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுற்றுகிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். நீங்கள் இருக்கும் இடத்தில் இப்போது மணி என்ன, கிளம்பிய ஊரில் இப்போது மணி என்ன என்று இரண்டும் தெரிந்தால், எவ்வளவு தூரம் கிழக்கே அல்லது மேற்கே வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். இதற்கு நடுக்கடலிலும் ஓட்டம் தப்பாத ஒரு கடிகாரம் வேண்டும். 1739ல் எந்தக் கப்பலிலும் அப்படி ஒன்று இல்லை.

புவே அந்தக் காலத்து வழக்கப்படிக் கணக்குப் போட்டார். முடிச்சுப் போட்ட கயிற்றில் பலகையைக் கட்டிக் கடலில் போடுவார்கள். மணல் கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைவிட்டுப் போகின்றன என்று எண்ணி வேகத்தைக் குறிப்பார்கள். கீழே நீரோட்டம் கப்பலைத் தள்ளிக்கொண்டு போனால், அது இந்தக் கணக்கில் வராது. நாளுக்கு நாள் தப்பு சேர்ந்துகொண்டே போகும்.

அப்படிச் சேர்ந்த தப்பு சுமார் 8 டிகிரி. நேரக் கணக்கில் 32 நிமிடங்கள். அந்த இடத்தில் ஒரு டிகிரிக்குச் சுமார் 65 கிலோமீட்டர். ஆக, தீவு அவர் சொன்ன இடத்திலிருந்து 500 கிலோமீட்டர் மேற்கே இருந்தது. குக்கின் கப்பலிலோ அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கடல் கடிகாரம் ஒன்று இருந்தது. அவர் துல்லியமாகப் போனார். துல்லியமாக, தப்பான விலாசத்துக்கு!

இதே தலைவலி சென்னைக்கும் இருந்தது. சோழமண்டலக் கரைக்கு வரும் கப்பல்களுக்குச் சரியான தீர்க்கரேகை தேவைப்பட்டதும் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டியதற்கு ஒரு காரணம். 1792ல் அங்கே தொலைநோக்கிக் கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண், இன்றும் கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. இந்தியாவை அளந்து வரைபடம் போட்டவர்கள், மற்ற ஊர்களின் தீர்க்கரேகைகளை அந்த இடத்தை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். நம் ஊர்களின் விலாசத்துக்கெல்லாம் அதுதான் தொடக்கப்புள்ளி.

கிடைத்தது தீவு... கூடவே ஒரு பொய்த் தீவு!

1808ல் ஜேம்ஸ் லிண்ட்சே என்ற ஆங்கிலேயத் திமிங்கல வேட்டைக் கேப்டன், 'ஸ்வான்' என்ற கப்பலில் அந்தப் பக்கம் போனார். தீவு கண்ணில் பட்டது. அவராலும் இறங்க முடியவில்லை. ஆனால், அது பெரிய கண்டத்தின் முனை இல்லை, தனித்தீவு என்பது தெரிந்தது. புவே பார்த்தது நிலம்தான் என்று தெரியவந்தபோது 69 வருடங்கள் ஓடிவிட்டன. அதைக் கேட்க புவே உயிரோடு இல்லை.

1825ல் ஜார்ஜ் நாரிஸ் என்ற இன்னொரு திமிங்கல வேட்டைக்காரர் வந்து, 'லிவர்பூல் தீவு' என்று புதுப்பெயர் வைத்து, பிரிட்டனுக்குச் சொந்தம் என்று அறிவித்தார். கூடவே, பக்கத்தில் 'தாம்சன் தீவு' என்று இன்னொன்றையும் பார்த்ததாகக் குறித்தார். அந்தத் தீவு அதன்பிறகு பல வருடங்கள் வரைபடங்களில் இடம்பெற்றது. தேடிப்போனவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. எரிமலை வெடித்து மூழ்கிவிட்டதா, அல்லது நாரிஸ் பார்த்ததே பனிமலையா என்று இன்றும் விவாதம் நடக்கிறது.

இதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. இருந்த தீவை 'இல்லை' என்றார்கள். இல்லாத தீவை வரைபடத்தில் வரைந்தார்கள்!

கடைசியாக 1898 நவம்பரில், 'வால்டிவியா' என்ற ஜெர்மானிய ஆய்வுக் கப்பல் போய்த் தேடிப்பிடித்து, தீவின் இடத்தைத் துல்லியமாகக் குறித்தது. தெற்கே 54 டிகிரி 26 நிமிடம், கிழக்கே 3 டிகிரி 24 நிமிடம். புவே முதலில் பார்த்து 159 வருடங்கள் கழித்து, தீவுக்குச் சரியான விலாசம் கிடைத்தது.

இப்போது யார் இருக்கிறார்கள்?

1927 டிசம்பரில் 'நார்வீஜியா' என்ற நார்வே கப்பல் வந்தது. அதில் வந்தவர்கள் இறங்கி, கொடி நட்டு, ஆய்வு செய்தார்கள். பிரிட்டன் விட்டுக்கொடுக்க, தீவு நார்வேயின் வசமானது. 1971ல் முழுத் தீவையும் இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள்.

1950களின் பிற்பாதியில் மேற்குக் கரையில் பாறை சரிந்து விழுந்து, கடலோரத்தில் ஒரு புதிய மேடை உருவானது. பெங்குவின்களுக்கும் கடல்நாய்களுக்கும் அதுதான் இப்போது முக்கியக் குடியிருப்பு. 1964ல் அங்கே இறங்கிய பிரிட்டிஷ் கடற்படையினர், ஒரு சிறு குட்டையில் ஆளில்லாத உயிர்காப்புப் படகு ஒன்றைப் பார்த்தார்கள். யார் படகு, ஆட்கள் எங்கே என்று பல வருடங்கள் பேசினார்கள். சில வருடங்களுக்கு முன் வந்துபோன சோவியத் ஆய்வுக்குழு விட்டுச்சென்றது என்பதுதான் பெரும்பாலும் சரியான விளக்கம்.

1996ல் நார்வே அங்கே சிறிய ஆய்வுக் கூடம் ஒன்றை வைத்தது. 2007ல் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் அந்தக் கூடம் இல்லை! முந்தைய வருடம் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் ஆட்டம் கண்டு, பின்னர் கடலோடு போய்விட்டது. அதன்பிறகு புதிதாக ஒன்றை அமைத்தார்கள். ஆட்கள் வந்தால் சில வாரங்கள் தங்குவார்கள். மற்ற நாட்களில் ஒருவரும் இல்லை.

ஆளில்லாவிட்டால் என்ன? இந்தியாவுக்கு 'டாட் இன்' இருப்பதுபோல, புவேக்கும் 'டாட் பிவி' என்று தனி இணைய முகவரி ஒதுக்கியிருக்கிறார்கள். யாரும் பயன்படுத்துவதில்லை. பெங்குவின்களுக்கு வெப்சைட் எதற்கு?

திண்ணைக்குத் திரும்பி...

இந்தக் கதை முழுவதையும் திண்ணையில் உட்கார்ந்து தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் சொன்னேன். தாத்தா சிரித்தார். ஆயாதான் கேட்டார்: "அந்த ஆளு பார்த்ததைத்தானேம்மா சொன்னாரு? இல்லேன்னு சொன்னவங்க, கொஞ்சம் தள்ளிப்போய்த் தேடியிருக்கலாம் இல்ல?"

சரியான கேள்வி. குக்கைக் குறைசொல்ல முடியாது. கொடுத்த விலாசத்தில் அவர் நேர்மையாகத் தேடினார். ஆனால், விலாசம் தப்பு என்பதும், வீடு இல்லை என்பதும் வேறு வேறு விஷயம். அந்த வித்தியாசத்தை மறந்தால் தீவுக்கு ஒன்றும் ஆகாது. அது பாட்டுக்கு இருக்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டிக்காகக் காத்திருப்பவருக்கு அப்படி இல்லை.

மேப்பில் எங்கள் தெரு எப்படிச் சரியானது என்று கேட்கிறீர்களா? மூன்றாவது முறை நான் மட்டும் அனுப்பவில்லை. தெருவில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் பதினாறு வீட்டுக்காரர்களும் ஒரே நாளில் அனுப்பினோம். ஒரு வாரத்தில் தெரு இக்கரைக்கு வந்துவிட்டது! புவேயோடு போனது இரண்டு கப்பல்கள். அவருக்குப் பின்னால் போய்ப் பார்த்துச் சொல்ல 69 வருடங்கள் யாரும் இல்லை. எங்களுக்குப் பதினாறு வீடுகள் இருந்தன.

நீங்களும் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். போனில் மேப்பைத் திறந்து, உங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, நீங்கள் நிற்கும் புள்ளியை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு எண்கள் வரும். எங்கள் ஊரில் முதல் எண் 13ல் தொடங்கும், இரண்டாவது 80ல். புள்ளிக்குப் பிறகு மூன்றாவது இலக்கம் ஒன்று மாறினாலே 100 மீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விடும் என்பதால், ஐந்து இலக்கம் வரை எழுதிக்கொள்ளுங்கள். இது கடினமாக இருந்தால், அஞ்சல் துறை 2025ல் கொண்டுவந்த 'டிஜிபின்' இருக்கிறது. நாட்டை ஏறக்குறைய 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து-எண் கொண்ட குறியீடு கொடுத்திருக்கிறார்கள். எதுவானாலும், ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் வயதானவர்கள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். கூடவே பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளிக்கூடமோ, எந்தக் கரை என்பதோ, ஓர் அடையாளமும் எழுதுங்கள். எண் தப்பினாலும் அடையாளம் காப்பாற்றும்.

எங்கள் வீட்டில் அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. ஆயாவுக்கு எண்கள் படிக்கத் தெரியும். போனில் எப்படிச் சொல்லவேண்டும் என்று பழக்கியிருக்கிறேன். எண்களைச் சொல்லி முடித்ததும் கடைசியில் ஆயா தானாக ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார்.

"ஆத்துக்கு இந்தப் பக்கம்ப்பா. அந்தப் பக்கம் போயிடாதீங்க!"